சண்டை வந்தா உங்க வீட்ல என்ன நடக்கும்?

காதலிக்க ஆரம்பித்த புதிதில் இரண்டு பேரும் என்னென்ன கேட்டுக் கொள்கிறார்கள் என்று கவனித்தால் சிரிப்பாக இருக்கும். பிடித்த கலர் என்ன, இளையராஜாவா ரஹ்மானா, தோசைக்குச் சட்னியா சாம்பாரா, பத்தாவதில் எத்தனை மார்க், முதலில் யார் மேல் கிரஷ்... ராத்திரி இரண்டு மணி வரைக்கும் கேள்விகள் ஓடும். கொஞ்சம் விவரமான ஜோடி என்றால் சாதி, ஜாதகம், வேலை, வீட்டில் ஒத்துக்கொள்வார்களா மாட்டார்களா என்பது வரைக்கும் போவார்கள்.

ஆனால் முக்கால்வாசிப் பேர் கேட்காமலே விட்டுவிடும் கேள்வி ஒன்று இருக்கிறது.

"உங்க வீட்ல சண்டை வந்தா என்ன நடக்கும்?"

அட, இதெல்லாம் காதலில் கேட்கிற கேள்வியா என்று தோன்றலாம். தோன்றட்டும். இந்தக் கேள்விக்கான பதில் தெரியாமல் தடுமாறிய இரண்டு பேரின் கதை இது. பெயர் வேண்டாம். ஊர் மதுரைப் பக்கம் என்பது மட்டும் போதும்.

இரண்டு பேரும் ஒரே வகுப்பு, பி.காம். காஸ்ட் அக்கவுண்டிங் நோட்ஸை ஜெராக்ஸ் எடுக்கப் போன இடத்தில் ஆரம்பித்த பழக்கம். அவன் அதிகம் பேச மாட்டான். யார் மீதும் கோபப்பட மாட்டான். கடைசி பஸ் வரும்வரை அவளோடு நின்றுவிட்டுத்தான் தன் பஸ்ஸைத் தேடுவான். "இப்படி ஒரு பையனா!" என்று அவளுடைய தோழிகளுக்கே பொறாமை.

முதலில் அவள் கவனித்தது ஒரு சின்ன விஷயம். கேன்டீனில் யாரோ ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுவிட்டார்கள். எல்லோரும் "ஓஓஓ" என்று கத்திச் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. கை அப்படியே நின்றுவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை. சத்தம் எங்கே இருந்து வந்தது என்று பார்க்காமல், வாசல் எங்கே இருக்கிறது என்று பார்த்தான்.

"என்னடா, தட்டுக்கெல்லாமா பயப்படுவ?" என்று கேலி செய்தாள். அவனும் சிரித்து மழுப்பிவிட்டான்.

இரண்டாவது விஷயம் அவ்வளவு சின்னதாக இல்லை. ஏதோ ஒரு அற்ப விஷயத்துக்கு முதல் சண்டை வந்தது. அவள் வீட்டில் சண்டை என்றால் அப்பாவும் அம்மாவும் சத்தமாகக் கத்திக் கொள்வார்கள், ராத்திரி சாப்பாட்டுக்குள் அது முடிந்துவிடும். அதே பழக்கத்தில் அவளும் கத்தினாள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போனான். மூன்று நாள் போன் சுவிட்ச் ஆஃப்.

அவளுக்கு அது திமிராகத் தெரிந்தது. தண்டனையாகத் தெரிந்தது. அவனுக்கோ, தான் ரொம்ப நல்லவனாக நடந்து கொண்டதாக நினைப்பு. கத்தவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை, கை நீட்டவில்லை. இதற்கு மேல் ஒருவன் என்ன செய்ய முடியும்?

அந்த வீடு

அவனுடைய அப்பா குடிக்க மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் வீட்டில் அடிக்கிற ஆள் என்றால் குடிகாரன், வேலை வெட்டி இல்லாதவன், படிக்காதவன் என்று ஒரு சினிமாப் படம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. இவர் தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர். தெருக் கோயில் திருவிழா வரவு செலவுக் கணக்கு இவர் கையில்தான். யாராவது வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு என்றால் முதலில் பணம் கொடுப்பவரும் இவர்தான். வெளியில் அவ்வளவு நல்ல பெயர்.

வீட்டுக்குள் வந்தால் வேறு மனிதர். குழம்பில் உப்பு, மளிகைக் கணக்கில் பத்து ரூபாய் இடிப்பது, தாய்மாமனுக்குப் போன் பேசியது, எதுவும் காரணம் ஆகலாம். காரணம் இல்லாமலும் ஆகலாம்.

அவனும் அக்காவும் சின்ன வயதிலேயே ஒரு வித்தை கற்றிருந்தார்கள். வாசலில் பைக் வந்து நிற்கும்போது ஸ்டாண்ட் போடும் சத்தத்தைக் கேட்பது. நிதானமாக நடு ஸ்டாண்ட் போட்டால் அன்றைக்குப் பிரச்சினை இல்லை. காலால் உதைத்துச் சைடு ஸ்டாண்ட் போட்டால் புத்தகத்தை மூடிவிட்டு உள் அறைக்குப் போய்விட வேண்டும். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் திடீரென்று கூடும். அது அவர்கள் காட்டும் நாகரிகம்!

அம்மா யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் "மாவு ஆட்டும்போது இடிச்சிக்கிட்டேன்" என்பாள். பிள்ளைகளிடம் மட்டும் அடிக்கடி ஒன்று சொல்வாள். "உங்க ரெண்டு பேருக்காகத்தான் பொறுத்துக்கிட்டு இருக்கேன்."

அவள் பாசத்தில்தான் சொன்னாள். ஆனால் ஏழு வயதுப் பையன் காதில் அது எப்படி விழும்? அம்மா அடி வாங்குவது தன்னால்தான் என்று விழும். தான் வாங்காத கடனுக்குத் தான் ஜாமீன் கையெழுத்துப் போட்ட மாதிரி ஒரு பாரம்.

கதவுக்குப் பின்னால் எத்தனை பேர்

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று தாண்டிப் போக முடியாது. 2019-21 காலத்தில் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 18 முதல் 49 வயதுக்குள் இருக்கும், திருமணமான பெண்களில் 29 சதவீதம் பேர் கணவனிடமிருந்து உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அது 38 சதவீதம். படிப்பு, வேலை, ஆஸ்பத்திரி என்று பல விஷயங்களில் முன்னால் நிற்கும் மாநிலம், இதிலும் தேசிய சராசரியைத் தாண்டி நிற்கிறது. பெருமைப்பட முடியாத முன்னிலை.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு கேள்வியும் உண்டு. குறிப்பிட்ட சில காரணங்களைச் சொல்லி, இதில் எதற்காவது கணவன் மனைவியை அடிப்பது நியாயமா என்று கேட்டார்கள். நாட்டில் 45 சதவீதப் பெண்களும் 44 சதவீத ஆண்களும் ஏதாவது ஒரு காரணத்துக்காவது நியாயம்தான் என்றார்கள். ஆண்களைவிடப் பெண்கள் ஒரு சதவீதம் அதிகம்! அடிபட்ட பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் சுமார் 14 சதவீதம்தான். மற்றவர்கள் எல்லாம் மாவு ஆட்டும்போது இடித்துக் கொண்டவர்கள்.

அக்காவின் காதல்

அக்கா அவனைவிட நாலு வயது மூத்தவள். நன்றாகப் படிப்பாள். காலேஜ் இரண்டாம் வருடத்தில், பத்தொன்பது வயதில், வீட்டை விட்டுப் போய் ஒரு பையனைக் கல்யாணம் செய்து கொண்டாள். மொபைல் கடையில் வேலை பார்த்த பையன். கோயிலில் தாலி, அப்புறம் ரிஜிஸ்டர் ஆபீஸ்.

தெருவே பேசியது. "வயசுக் கோளாறு" என்றார்கள். "செல்போன் கெடுத்துடுச்சு" என்றார்கள். யாருக்கும் உண்மைக் காரணம் தெரியவில்லை. தம்பிக்கு மட்டும் தெரியும். அந்தப் பையன் மெதுவாகப் பேசுவான். தினமும் மத்தியானம் போன் செய்து "சாப்டியா?" என்று கேட்பான். அவ்வளவுதான். பத்தொன்பது வருடமாகப் பைக் ஸ்டாண்ட் சத்தத்துக்குக் காது கொடுத்து வாழ்ந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

இங்கே ஒன்றைப் புரிந்து கொள்ள வேண்டும். மற்றவர்கள் காதலிக்கும்போது ஒரு ஆளைத் தேடிப் போகிறார்கள். இந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகள் பல சமயம் ஒரு வாசலைத் தேடிப் போகிறார்கள். வாசலில் நிற்பவன் யார் என்று நிதானமாகப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை.

கல்யாணம் ஆகி ஒன்றரை வருடத்தில் முதல் அறை விழுந்தது. போன் பிஸியாக இருந்ததாம். அன்றைக்கு ராத்திரி அக்கா தம்பிக்குப் போன் செய்தாள். அழவில்லை. "அப்பா மாதிரி இல்லடா. ஒரே ஒரு அறைதான். அப்புறம் அவரே மன்னிப்பும் கேட்டாரு" என்றாள். ஆறுதல் சொல்வது போலச் சொன்னாள்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு விலைவாசிக் குறியீட்டெண் தெரிந்திருக்கும். ஒரு வருடத்தை அடிப்படை ஆண்டாக எடுத்துக் கொண்டு அதை 100 என்று வைப்பார்கள். மற்ற வருடங்களை எல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் ஏற்றமா இறக்கமா என்று சொல்வார்கள். அடிப்படை ஆண்டே மோசமான ஆண்டாக இருந்துவிட்டால்? அதற்குப் பிறகு வருவதெல்லாம் நன்றாக இருப்பது போலத்தான் தெரியும். கணக்கு சரியாகவே இருக்கும், முடிவு தப்பாக இருக்கும்.

அக்காவுக்கு நடந்தது அதுதான். அவளுடைய அடிப்படை ஆண்டு அப்பா. அந்த அளவுகோலில் ஒரு அறை என்பது கிட்டத்தட்ட நல்ல செய்தி!

2005-06-ல் நடந்த மூன்றாவது கணக்கெடுப்பில் இதே விஷயம் எண்களாகவே வந்தது. தன் அப்பா அம்மாவை அடித்ததைப் பார்த்து வளர்ந்த பெண்கள், பார்க்காமல் வளர்ந்தவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு அதிகமாகக் கணவனிடம் அடிபட்டிருந்தார்கள். இதை ராசி என்றோ தலையெழுத்து என்றோ சொல்லிவிடுவது சுலபம். அவசரமாகத் தேடும் வாசலும், கெட்டுப்போன அளவுகோலும், திரும்பிப் போக வீடு இல்லாத நிலைமையும் சேர்ந்தால் வேறு என்ன நடக்கும் என்று யோசித்தால் புரியும். அடித்தவனின் குற்றம் இதில் எதனாலும் குறைவதில்லை. அவள் ஏன் உடனே வெளியே வரவில்லை என்பதற்கு மட்டும்தான் இது பதில்.

அக்கா திரும்பி வந்தால் அப்பா என்ன சொல்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். "நீயா தேடிக்கிட்டது." காதல் கல்யாணம் செய்த பெண்ணுக்கு நம் ஊரில் இருக்கும் பெரிய தண்டனை இந்த இரண்டு வார்த்தைதான். வீட்டில் பார்த்து வைத்த மாப்பிள்ளை அடித்தால் பஞ்சாயத்துக்காவது நாலு பேர் வருவார்கள். இவளுக்கு அதுவும் கிடையாது.

சுவர்

இப்போது அந்த ஜோடிக்குத் திரும்புவோம். மூன்றாம் வருடம். அக்கா விஷயம் அவன் மனதுக்குள் ஓடிக் கொண்டிருந்தது, அவளிடம் சொல்லவில்லை. ஒரு நாள் வகுப்பு முடிந்து காலியான அறையில் இரண்டு பேருக்கும் சண்டை. ஒரு ப்ராஜெக்ட் குழுவில் வேறொரு பையனோடு அவள் சேர்ந்ததுதான் விஷயம். "நீ என்ன எனக்கு ஓனரா?" என்று அவள் கேட்டாள்.

அவன் சுவரில் குத்தினான். அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளி.

அவள் மேல் படவில்லை. ஆனால் அவள் சட்டென்று கண்ணை மூடிக் கொண்டு, முழங்கையை முகத்துக்கு முன்னால் தூக்கினாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் உடம்பு தானாகச் செய்கிற காரியம் அது.

அந்த முழங்கையை அவனுக்குத் தெரியும். வீட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். எதிர்ப் பக்கத்தில் நின்று பார்ப்பது மட்டும் அதுதான் முதல் தடவை.

விஷயம் வெளியே தெரிந்ததும் நண்பர்கள் இரண்டு கட்சி ஆனார்கள். "சுவத்துலதான குத்துனான், உன்ன தொடலையே. நல்ல பையன்டி, வீட்ல பிரச்சினை, நீதான் அவனை மாத்தணும்" என்று ஒரு கட்சி. "இன்னைக்குச் சுவரு, நாளைக்கு நீ. விட்டுடு" என்று இன்னொரு கட்சி.

முதல் கட்சி சொன்னதுதான் ஆபத்தானது. "நீதான் அவனை மாத்தணும்" என்பது நம் சினிமாக்கள் பல வருடமாகச் சொல்லித் தந்த பாடம். முரடனைப் பெண்ணின் அன்பு மாற்றிவிடும், மூன்று மணி நேரத்தில்! நிஜத்தில், மாற்றிவிடலாம் என்று நம்பித்தான் எத்தனையோ பேர் இருபது வருடம் இருந்துவிடுகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-ல் எழுதிய புத்தகத்தில் இந்தச் சுழற்சியை விவரித்தார். முதலில் இறுக்கம் ஏறும், பிறகு அடி விழும், பிறகு அழுகை, மன்னிப்பு, பூ, அல்வா. எல்லா வீட்டிலும் இதே வரிசையில்தான் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் நடக்கிற வீடுகளில் அந்த மூன்றாவது கட்டம்தான் பெண்ணைப் பிடித்து வைக்கிறது. அப்போது அவன் நடிப்பதாகக்கூடச் சொல்ல முடியாது. உண்மையாகவே அழுவான். அதனால்தான் நம்பிக்கை வருகிறது.

அவள் ராத்திரி தன் அம்மாவிடம், "என் பிரண்டு ஒருத்திக்கு ஒரு பிரச்சினைம்மா" என்று ஆரம்பித்தாள். :-) எந்தப் பிரண்டு என்று அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? முழுவதும் கேட்டுவிட்டு அம்மா சொன்னது ஒன்றே ஒன்று. "பாவம்னு பாத்து யாரையும் கட்டிக்கக் கூடாது பாப்பா. பாவம்னா உதவி பண்ணலாம். கட்டிக்கிறதுக்குப் பயமில்லாம இருக்கணும்."

மறுநாள் அவன் மன்னிப்புக் கேட்டான். முதல் முறையாக வீட்டுக் கதை எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழுதாள். அழுதுவிட்டுச் சொன்னாள். "அடிக்கலைன்னு சொல்லாத. நான் பயந்துட்டேன், அது போதும். உங்க அப்பா பண்ணதுக்கு நீ பொறுப்பில்ல. ஆனா நீ பண்றதுக்கு நான் பொறுப்பில்ல." அவ்வளவுதான். விலகிவிட்டாள்.

காரணம் வேறு, மன்னிப்பு வேறு

ஸ்டார் ட்ரெக் தொடரிலும் எக்ஸ்-மென் படங்களிலும் நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட்டைப் பலருக்குத் தெரியும். 1940-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் மிர்ஃபீல்ட் என்ற ஊரில் பிறந்தவர். அவருடைய அப்பா ராணுவத்தில் சார்ஜென்ட் மேஜராக இருந்தவர், ஊரில் மரியாதை. வார இறுதியில் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். சின்னப் பையனாக இருந்த பேட்ரிக், எப்போது சண்டை கைகலப்பாக மாறும் என்று காது கொடுத்துக் கேட்டுக் கொண்டிருப்பாராம். வீட்டுக்கு வந்தவர்களே அம்மாதான் ஏதோ தூண்டியிருப்பாள் என்ற மாதிரி பேசியதையும், அந்தச் சின்ன வயதிலேயே அது தவறு என்று தனக்குப் புரிந்ததையும் பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மிர்ஃபீல்டுக்கும் மதுரைக்கும் எவ்வளவு தூரம்! காது மட்டும் ஒரே காது.

2012-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகக் குடும்ப வரலாற்றைத் தேடியபோது, அப்பா இரண்டாம் உலகப் போரில் மனம் பாதிக்கப்பட்டு, சிகிச்சையே கிடைக்காமல் வாழ்ந்தவர் என்று அவருக்குத் தெரிய வந்தது. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். அடிபடும் பெண்களுக்கு உதவும் அமைப்புக்கு அம்மாவின் நினைவாக ஏற்கெனவே ஆதரவு கொடுத்து வந்தவர், போரில் மனம் பாதிக்கப்பட்ட வீரர்களுக்கு உதவும் அமைப்பையும் அப்பாவுக்காக ஆதரிக்க ஆரம்பித்தார். அப்பா ஏன் அப்படி ஆனார் என்று புரிந்தது, ஆனால் செய்தது சரி என்று ஆகிவிடவில்லை. இரண்டையும் ஒரே மனதில் வைத்திருக்க முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

உடம்பிலும் இது தங்கிவிடுகிறது. 1995-97-ல் அமெரிக்காவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ நிறுவனமும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டன. அம்மா அடிபட்டதைப் பார்த்தது உண்டா என்பதும் அதில் ஒரு கேள்வி. 1998-ல் முதல் முடிவுகள் வந்தன. இந்த மாதிரி அனுபவங்களின் எண்ணிக்கை கூடக் கூட, வளர்ந்த பிறகு மனச்சோர்வு, தற்கொலை முயற்சி, குடிப்பழக்கம், இதய நோய் வரைக்கும் ஆபத்து கூடுவது தெரிந்தது. கலந்து கொண்டவர்கள் மருத்துவக் காப்பீடு உள்ள, பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்தினர் என்பதையும் கவனிக்க வேண்டும். "அதெல்லாம் ஏழை வீட்டுப் பிரச்சினை" என்று சொல்பவர்களுக்கு அதுவே பதில்.

ஆனால் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆபத்து கூடும் என்றால் விதி என்று அர்த்தம் இல்லை. அடியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் அடிப்பவர்களாக ஆவதில்லை. "அப்பன் புத்தி புள்ளைக்கு" என்று யாராவது சொன்னால் அது பாதி சாபம், பாதி சோம்பேறித்தனம்.

அவன் காலேஜ் கவுன்சிலரிடம் போனான். வாரத்தில் இரண்டு நாள் லைப்ரரி பக்கத்து அறையில் வந்து உட்காரும் மேடம். மூன்று தடவை வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி, நாலாவது தடவைதான் உள்ளே போனான். "கோபத்தை அடக்கு" என்று அந்த மேடம் சொல்லவில்லை. அதைத்தான் அவன் பத்தொன்பது வருடமாகச் செய்து கொண்டிருந்தானே! கோபம் வரும்போது உடம்பில் முதலில் எது மாறுகிறது என்று கவனிக்கச் சொன்னார். அவனுக்குக் காது சூடாகும். காது சூடானால், "எனக்குக் கொஞ்ச நேரம் வேணும். எட்டு மணிக்கு நானே பேசுறேன்" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். எட்டு மணிக்குப் பேசவும் வேண்டும். மூன்று நாள் போனை அணைத்து வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? திரும்பி வரும் நேரம் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு வித்தியாசம்தான்.

அக்கா வந்த ராத்திரி

நாலு மாதம் கழித்து ஒரு ராத்திரி பஸ் ஸ்டாண்டிலிருந்து அக்கா போன் செய்தாள். கையில் இரண்டு வயதுக் குழந்தை, ஒரு கட்டைப் பை. அவன் போய்க் கூட்டி வந்தான். வாசலில் அப்பா நின்று, எதிர்பார்த்ததையே சொன்னார். "நீயா தேடிக்கிட்டது."

அம்மா உள்ளே இருந்து வந்தாள். அவரைப் பார்க்கவில்லை. "உள்ள வா பாப்பா, புள்ளைக்குப் பசிக்கும்" என்று மகளிடம் மட்டும் சொன்னாள். இருபத்தைந்து வருடத்தில் அந்த வீட்டில் அவள் எடுத்த முதல் முடிவு அதுவாக இருக்கலாம். அப்பா ஒன்றும் பேசவில்லை. மகன் அவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்று கொண்டிருந்தான், கையைக் கட்டிக் கொண்டு.

அக்கா மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் மனுக் கொடுத்தாள். பலருக்குத் தெரியாத சட்டம் இது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26. கணவனின் கொடுமையைக் குற்றமாக்கும் 498ஏ பிரிவு 1983-லேயே வந்தது (2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86-வது பிரிவுகள்). அது ஜெயிலுக்கு அனுப்பும் சட்டம். 2005 சட்டம், அடிக்காதே என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடவும், அவள் சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து அவளை வெளியேற்றக் கூடாது என்று சொல்லவும், பணமும் குழந்தையின் பொறுப்பும் வாங்கித் தரவும் வந்த சட்டம். முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று முயல வேண்டும் என்கிறது. நடைமுறையில் இழுக்கும். ஆனாலும் கையில் ஒரு காகிதம் இருப்பது பெரிய தைரியம்.

அந்தச் சட்டம் உடம்பில் விழும் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. பாலியல் கொடுமை, வார்த்தையால் குதறுவது, ஏடிஎம் கார்டைப் பிடுங்கி வைத்துக் கொள்வது, நகையை எடுத்து அடகு வைப்பது, எல்லாமே அதில் வருகிறது. மனைவி மட்டும் இல்லை, அதே வீட்டில் வாழும் அம்மா, சகோதரி, கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழும் பெண் என்று எல்லோருக்கும் அது பொருந்தும்.

அம்மா தனக்காகக் கேஸ் போடவில்லை. போடுவாள் என்றும் தோன்றவில்லை. அப்பா திருந்திவிட்டார் என்று முடித்தால் கதை அழகாக இருக்கும், ஆனால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கை நீட்டுவது நின்றிருக்கிறது. பேச்சு நிற்கவில்லை.

அக்கா விட்ட படிப்பைத் தொலைதூரக் கல்வியில் தொடர்கிறாள். குழந்தைதான் அவளுக்குக் கவலை. அடுக்களையில் ஒரு டம்ளர் விழுந்தால் அது ஓடிப் போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்து கொள்கிறது. இரண்டு வயதில்! தாத்தா வீட்டில் பாட்டி கற்ற பயம், அம்மா வழியாக, பேத்திக்கு. சொத்துகூட இவ்வளவு சரியாக வாரிசுக்குப் போய்ச் சேராது. மாமாக்காரன் ஒவ்வொரு தடவையும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "டம்ளர்தான் செல்லம். மாமா வேணும்னா எடுத்துக் காட்டட்டா?" என்கிறான். சில நாள் உடனே வருகிறது. சில நாள் பத்து நிமிடம் ஆகிறது.

அவளும் அவனும்? எட்டு மாதம் பேசவில்லை. இப்போது பேசிக் கொள்கிறார்கள். காதலா என்று கேட்டால் இரண்டு பேரிடமும் பதில் இல்லை. அவசரமும் இல்லை. அவசரமில்லாமல் இருக்க அவன் கற்றுக் கொண்டதே பெரிய விஷயம்.

கடைசியாக

காதலிப்பவர்கள் கலரும் பாட்டும் கேட்டு முடித்த பிறகு, இதையும் கேட்டுப் பார்க்கலாம். உங்க வீட்ல சண்டை வந்தா என்ன நடக்கும்? யார் முதலில் பேசுவார்கள்? யாராவது யாரையாவது பார்த்துப் பயப்படுவார்களா? அடி விழுந்த வீடு என்று பதில் வந்தால் ஓடிவிட வேண்டும் என்று இல்லை. அதைச் சொல்ல முடிகிறவரை நம்பலாம். ஆனால் போன் பாஸ்வேர்டு கேட்பது, யாரோடு பேசினாய் என்று கணக்குக் கேட்பது, பொருளை உடைப்பது, சுவரில் குத்துவது, "நீ போனா செத்துருவேன்" என்று மிரட்டுவது எல்லாம் காதலின் ஆழம் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம்.

தமிழ்நாட்டில் பெண்களுக்கு 181 என்ற எண்ணும், குழந்தைகளுக்கு 1098 என்ற எண்ணும் இருக்கின்றன. தன் கோபத்தைப் பார்த்துத் தானே பயப்படுபவர்கள் உட்பட, மனம் பாரமாக இருக்கும் யாரும் 14416-க்குப் பேசலாம். 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவை, தமிழிலேயே பேசுவார்கள்.

2008-ல் பிரேக்த்ரூ என்ற அமைப்பு இந்தியா முழுவதும் ஒரு பிரசாரம் நடத்தியது. பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால், போய்க் காலிங் பெல்லை அடியுங்கள் என்பதுதான் செய்தி. சண்டை போட வேண்டாம், நியாயம் பேச வேண்டாம். கொஞ்சம் சர்க்கரை இருக்கா, உங்க வீட்டில் கரண்ட் இருக்கா, ஏதாவது ஒன்றைக் கேட்டால் போதும். வெளியே ஆள் இருக்கிறது, காது இருக்கிறது என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரிந்தால் அந்த நிமிடமாவது கை இறங்கும்.

உள் அறையில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் அந்த பெல் சத்தம் கேட்கும். டிவி சத்தத்தைக் கூட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.